நாற்பதுகளின் கட்டத்தில் ஒரு புள்ளி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். வலிக்காமல் எடுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு ‘வலிக்காத அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேலாளரே ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அதே கூடத்தில் பரிசோதனை மேசையில் இருப்பவள். அவர் எடுத்து வரும் ரத்தத்தைப் பிரித்து, தட்டின் குழிகளில் விட்டு, இயந்திரம் காட்டும் எண்ணைப் படித்து எழுதுவது என் வேலை. அவருக்கு நேர்ந்த கெடுதலில் என் பங்கு எவ்வளவு என்று கடைசிவரை மறைத்து வைத்துக் கதை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பாதிக்கு மேல் என்னுடையதுதான்.

அவருக்குப் பதினேழு வயதானபோது அம்மா போய்விட்டார். அப்பா அதற்கும் முன்பே. மிஞ்சியது ஒன்பது வயதுத் தங்கை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் கடையில் பட்டன் துளை தைக்கப் போனார். தங்கையைப் படிக்க வைத்து, தலை பின்னி, காய்ச்சலுக்குக் கண் விழித்து, மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்கென்று ஒரு படிப்பு படித்தார். அது ரத்தம் எடுக்கும் ஆறு மாதப் படிப்பு. “முன்னாடி துணியக் குத்தினேன், இப்ப ஆளக் குத்தறேன். துணி கத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், “வயசு இருந்தப்ப நேரமில்ல, இப்ப நேரமிருக்கு, வயசில்ல” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளின் கையைப் பிடித்துவிடுவார்.

அவருடைய தந்திரம் என்னவென்று பார்த்தே கற்றுக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை. கையை வாங்கி முழங்கை மடிப்பை விரலால் தடவிக்கொண்டே, “வீட்டுல காலைல யாரு மொதல்ல எழுந்திருப்பா?” என்று கேட்பார். எதிரில் இருப்பவர் யோசிப்பார். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் நிறைந்திருக்கும். நான் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு லாரி ஓட்டுநரைக் குத்தினேன். “கேள்வியெல்லாம் அப்புறம் கேளும்மா, மொதல்ல நரம்பக் கண்டுபிடி” என்றார் அந்த மனுஷன்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய கணக்கெடுப்பு வந்தது. கக்குவான் இருமலுக்கு எதிரான சக்தி இந்த ஊர் மக்களுக்கு எந்த வயதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழந்தையில் போடும் தடுப்பூசி வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அது கரைய ஆரம்பித்துவிடும். கணக்கெடுப்பின் தலைவி டாக்டரம்மா சுவரில் ஒரு பெரிய அட்டையை மாட்டினார். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் எண்பது கட்டம். ஆள் கிடைக்கக் கிடைக்கக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் வரிசை பள்ளிக்கூடங்களில் நிரம்பிவிட்டது. வயதானவர்களின் வரிசையும் சீக்கிரம் நிரம்பியது. பேச ஒரு ஆள் வந்ததே என்று அவர்கள் இரண்டு கையையும் நீட்டினார்கள். நாற்பதுகளின் வரிசைதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. நாற்பதுகளில் இருப்பவர்களின் உடம்பில் பாதி அலுவலகத்துக்குச் சொந்தம், மீதி பாதி பிள்ளைகளுக்கு. ஐந்து மில்லி ரத்தத்துக்குப் பத்து நிமிஷம் நிற்க அவர்களால் முடியாது. அக்கா கணக்கெடுப்பு வண்டியில் ஊரெல்லாம் அலைந்தார், பேருந்து நிறுத்தத்தில் நின்றார், தொழிற்சாலை வாசலில் நின்றார், அடுக்குமாடிக் காவலாளியோடு சண்டை போட்டார். கடைசியில் காவலாளியின் வயதைக் கேட்டு அவரையே பிடித்துக் குத்திவிட்டு வந்தார். அப்படியும் எழுபத்தெட்டுக் கட்டம்தான் நிரம்பியது.

அந்தச் சமயத்தில்தான் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. மூன்று முறை கலைந்து, முப்பத்தாறாவது வயதில் தங்கிய குழந்தை. பெண் குழந்தை. அக்கா எங்களுக்கெல்லாம் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே இருமினார். குழந்தை பிறப்பதற்கு முந்தின நாள்தான் அந்த இருமல் தொற்றியிருந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. திடீரென்று ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வரும்வரை விடாது. “வண்டி ஏசிதான்டி காரணம்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கக்குவான் என்றால் மூச்சை இழுக்கும்போது கூவுகிற சத்தம் வர வேண்டும் என்று படித்திருக்கிறோம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சத்தம் வராது என்பதையும் படித்திருக்கிறோம். படித்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வந்தால் நாம் எங்கேயோ இருந்திருப்போம்.

இருந்தும் அக்கா குழந்தையைத் தொடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறித் தங்கை வீட்டுக்குப் போவார். கேட்டுக்கு வெளியே நிற்பார். தங்கை குழந்தையை ஜன்னலுக்குக் கொண்டுவந்து காட்டுவாள். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். தினமும் இதே வேலை. “இருமல் போகட்டும், அப்புறம் தூக்கி எறக்காமலே வெச்சுக்கறேன்” என்று எங்களிடம் சொல்வார். தங்கைக்கு இது கொஞ்சம் வருத்தம் என்றும் சொன்னார்.

அந்த வாரம் ஒரு தட்டு நிறையாமல் கிடந்தது. ஒரு தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். உறையைப் பிரித்த மருந்தை அந்த வாரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் வீண். நாற்பதுகளில் இரண்டு ஆள் குறைச்சல். அக்கா சுவரட்டையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

“எனக்கு நாப்பத்திநாலு. என்னக் குத்து.”

இன்னொரு குழிக்கு வண்டி ஓட்டுநர் அகப்பட்டார். அவருக்கு நாற்பத்தொன்று.

அக்காவுக்கு ரத்தம் எடுத்தது நான். இரண்டு முறை தவறி மூன்றாவது முறைதான் நரம்பு கிடைத்தது. வலிக்காத அக்காவுக்கு அன்று நன்றாகவே வலித்தது. அதன் பிறகு படிவம். நூறு வீடுகளில் அவர் கேட்ட கேள்விகளை நான் அவரிடம் கேட்டேன். பாதிக் கேள்விக்கு நான் கேட்கும் முன்பே பதில் சொன்னார்.

“கடந்த மூணு மாசத்துல ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ விடாம இருமல் இருந்துச்சா?”

“பதிமூணு நாள்தான்டி ஆச்சு. நாளைக்கு வந்து கேளு, ஆமான்னு சொல்றேன்.”

இருவரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அவர் இருமி முடிக்கும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வேறு யாராக இருந்தாலும் அக்கா விட்டிருக்க மாட்டார். பதிமூன்று நாள் என்று யாராவது சொன்னால், “அதைப் பக்கத்துல எழுதி வைப்போம்” என்பார். எங்களுக்கு எங்கள் படிவம் விளையாட்டாகப் போய்விட்டது.

சனிக்கிழமை தட்டைப் படித்தேன். நாற்பதுகளின் எண்கள் பார்க்கவே பரிதாபமாக இருந்தன. ஐந்து, எட்டு, மூன்று, ஆறு. ஓட்டுநருக்கு நான்கு. அக்காவுக்கு நூற்று எண்பத்தாறு.

பரிசோதனைக் குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். யாருடைய எண் எது என்று மேசைக்காரிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தாலும் வெளியே சொல்லக்கூடாது. அதுதான் சட்டம். ஆனால் அந்தக் குழாயில் எண்ணை ஒட்டியவளே நான்தானே. குளிர்பெட்டியின் கதவில் இன்னொரு சட்டமும் ஒட்டியிருந்தது. பெரியவர்களில் யாருக்காவது நூறுக்கு மேல் வந்தால் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு டாக்டரம்மாவின் மேசையில் வைக்க வேண்டும். வட்டமிட்டேன். மேசையில் வைத்தேன். டாக்டரம்மா ஏதோ மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார், வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த வட்டம் எதற்கு என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். பயிற்சி வகுப்பில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். தடுப்பூசி போட்டுப் பல வருடம் ஆன ஒருவரிடம் இவ்வளவு பெரிய எண் வந்தால், அது பழைய கவசம் அல்ல. நோய் இப்போதுதான் உடம்புக்குள் வந்திருக்கிறது, உடம்பு அதோடு சண்டை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அன்று அந்தத் தாளில் நான் பார்த்தது நோயை அல்ல, அக்காவை. எல்லோரும் தோற்ற பாடத்தில் நம்ம அக்கா முதல் மதிப்பெண் வாங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நல்ல செய்தி சொல்ல யாருக்குத்தான் கை அரிக்காது? போனை எடுத்தேன்.

“அக்கா, இந்த ஊர்லயே உங்களுக்குத்தான் கக்குவானுக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி. நூத்தியெண்பத்தாறு! மத்தவங்களுக்கெல்லாம் ஒத்த நம்பர்.”

“நெஜமாவா சொல்ற?”

“சத்தியமா. கோட்டைச் சுவர் மாதிரி இருக்கீங்க. உங்களுக்குக் கக்குவானெல்லாம் கிட்டயே வராது. இது வெறும் ஏசி இருமல்தான். போய்க் குழந்தையத் தூக்குங்க.”



“தூக்கலாங்கறியா?”

“தூக்குங்கன்னா.”

அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்தத் தொனியில் சொன்னாலும் அதே வார்த்தையாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டைத் திறந்து உள்ளே போனார். குழந்தைக்குப் பதினேழு நாள். மதியம் முழுக்க மடியில் வைத்திருந்தாராம். திங்கட்கிழமை என் மேசையருகே வந்து நின்று சொன்னார்: “பழக்க தோஷம்டி, முழங்கை மடிப்பத் தடவிப் பாத்தேன். அவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு, நரம்பே தெரியல. இதுக்கு ஊசி போடற அன்னைக்கு நான் ஊர்லயே இருக்க மாட்டேன்ப்பா.” குழந்தையின் முதல் தடுப்பூசிக்கு ஆறு வாரம் ஆக வேண்டும். தேதி எழுதிய அட்டை தங்கை வீட்டு அலமாரியில் இருந்தது.

அந்தத் தேதி வரவில்லை. பத்து நாள் கழித்துக் குழந்தைக்கு லேசாக மூக்கு ஒழுகியது. பதினோராம் நாள் பால் குடிக்கும்போது மூச்சை நிறுத்தி நீலமாகிவிட்டது. கக்குவான் வந்தால் பெரிய பிள்ளைகள் இருமும், கூவும். பிறந்த குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பு கிடையாது. சும்மா மூச்சை நிறுத்திவிடும்.

மருத்துவமனையில் குழந்தைக்கு மருந்து ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு நர்சுகள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். தங்கை அழுதுகொண்டே, “அக்கா, நீ போடு. நீ போட்டாத்தான் வலிக்காது” என்றாளாம். அக்கா போட்டார். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. குழந்தை அழவில்லை. வலிக்காததால்தான் அழவில்லை என்று அக்காவால் நினைத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்குத் தொழில் தெரியும்.

அதே நாள் காலையில்தான் டாக்டரம்மா வெளிநாட்டிலிருந்து வந்து மேசையில் இருந்த தாளை எடுத்தார். “இந்த நூத்தியெண்பத்தாறு யாரு? இது நோய் வந்தவங்க நம்பர். உடனே கூப்பிட்டுக் கேளுங்க, வீட்டுல கைக்குழந்தை இருக்கான்னு” என்றார். குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த செய்தி அதற்குள் எங்களுக்கு வந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்கு ஓடினேன். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அக்கா தனியாக நின்றிருந்தார். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு அறையாவது விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“போன் பண்ணிச் சொன்னத யார்கிட்டயும் சொல்லாத” என்றார். “வேல போயிடும். ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போவ?”

“அக்கா, தூக்கச் சொன்னது நான்தானே?”

“தூக்கினது யாரு?”

தங்கை அறையிலிருந்து வெளியே வந்தாள். இந்தக் குழந்தையின் பக்கத்தில் யாருக்கு இருமல் இருந்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

“இருமலோட வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியும்தானே?” என்று தங்கை கேட்டாள். “தெரிஞ்சேவா வந்த?”

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. “ஆமா. ஆசைல வந்துட்டேன்” என்றார்.

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். வாய் திறக்க ஒரு நிமிஷம் போதும். குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் சண்டை எதுவும் நடக்கவில்லை. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். அக்கா போன் செய்தால் தங்கை எடுக்க மாட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அக்கா செய்வதையும் நிறுத்திவிட்டார். படிவத்தில் ‘இல்லை’ என்று இருந்ததைப் பற்றி டாக்டரம்மா கேட்டபோது, “நான்தான் தப்பாச் சொன்னேன்” என்று அதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

வேலை மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ரத்தம் எடுக்கும் முன், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். “வீட்டுல கைக்குழந்த இருக்கா? இருமறவங்க யாராவது அதத் தூக்கறாங்களா?” ஆமாம் என்றால் அந்த வீட்டை விட்டு நகர மாட்டார். இருமுகிறவரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக டாக்டரிடம் இழுத்துப் போவார். ‘ஏசி இருமல்’ என்று யாராவது சொன்னால் அவருக்கு வரும் கோபத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. காலையில் யார் முதலில் எழுந்திருப்பார்கள் என்ற கேள்வி எங்கோ போய்விட்டது. கை மட்டும் மாறவில்லை, கடைசிவரை வலிக்காமல்தான் எடுத்தார்.

என்னிடம் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தினமும் என் மேசைக்கு வந்து தேநீர் குடித்தார். அதுவே எனக்குத் தண்டனையாக இருந்தது. தங்கையிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று மாதத்துக்கு ஒருமுறை முடிவு செய்வேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கட்டும், பெரியவனுக்குப் பரீட்சை முடியட்டும், என் வேலை நிரந்தரமாகட்டும். சாக்குக்கா பஞ்சம்?

இரண்டரை வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ரத்தம் பிரிக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்த கையோடு அக்கா கீழே சரிந்தார். மாரடைப்பு. நாங்கள் அத்தனை பேரும் மருத்துவம் தெரிந்தவர்கள், ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கை இறுதிச் சடங்குக்கு வந்தாள். ஓரமாக நின்றாள். அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அந்த உரிமை இருந்தது போல!

ஒரு வாரம் கழித்து அக்காவின் பொருள்களை வாங்கிக்கொள்ள அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து கொடுத்தது நான். மழைக்கான ஒரு ஜோடி செருப்பு, சீப்பு, பாதி தீர்ந்த தைலம், பிரிக்காத இரண்டு இருமல் மிட்டாய். அடியில் கணக்கெடுப்பின் அச்சிட்ட அறிக்கை. அது நடுவில் ஒரு பக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது. அவ்வளவு முறை அந்தப் பக்கம் பிரிக்கப்பட்டிருந்தது.

அது வயது வரிசைப் படம். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. சின்னப் பிள்ளைகளின் புள்ளிகள் மேலே இருந்தன, பள்ளி வயதில் இறங்கின, நாற்பதுகளில் தரையோடு தரையாகக் கிடந்தன. அந்தத் தரைக்கு மேலே, பக்கத்தின் உச்சியில், ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றது.

“இது என்னங்க?” என்று தங்கை விரலை வைத்தாள். “இந்தப் புள்ளி யாரு?”

இந்த முறை பார்த்துக்கொண்டு நிற்க அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை. சொன்னேன். பதிமூன்று நாள் என்று சிரித்தது, சிவப்பு வட்டம், சனிக்கிழமை போன், நான் சொன்ன வார்த்தை, தாழ்வாரத்தில் அக்கா என் வாயை அடைத்தது, எல்லாவற்றையும். “உங்க அக்கா தெரிஞ்சு வரல. நான் சொன்னதாலதான் வந்தாங்க” என்று முடித்தேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“பதினாறு நாள் கேட்டுக்கு வெளியவே நின்னா” என்றாள். “அந்தச் சனிக்கிழம காலைல நான்தான் அவள ஏசினேன். ‘பெத்த தாயி இருந்திருந்தா இப்படித் தெருவுல நின்னு பாத்துட்டுப் போவாளா, நீ என்ன ஆளு’ன்னு கேட்டுட்டேன். மறுநாள் வந்துட்டா. அந்த வார்த்த தாங்காமத்தான் வந்தான்னு நெனச்சேன். அவ நல்லாத்தான் ஒதுங்கி நின்னா, நான்தான் இழுத்து விட்டேன். ஆசைல வந்தேன்னு அவ சொன்னது என்னக் காப்பாத்தறதுக்குன்னு நெனச்சேன். அப்புறம் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு அவகிட்ட பேசறது?”

அவள் பேசாமல் இருந்தது கோபத்தால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்காவும் அப்படி நினைத்துக்கொண்டுதான் செத்துப்போனார்.

தங்கை அந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாகக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். செருப்பையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

“அவளுக்கு ஒரு போன் பண்ணீங்க” என்றாள். “எனக்கும் ஒண்ணு பண்ணியிருக்கலாம்.”